வீட்டில் விளைந்த சூரியகாந்தி விதையை உண்ணப் பக்குவப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்திலோ தொட்டியிலோ சூரியகாந்தி வளர்ப்பவர்கள், பூ வாடத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே வகையான ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலோர் உப்பின் அளவையும் வறுக்கும் நேரத்தையும் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் விதை வீணாவது பெரும்பாலும் அதற்கு முன்பே, சரியாகக் காயவைக்காத இடத்தில்தான். எனவே காயவைத்தலைப் பற்றிய 5, 6, 10 ஆகிய எண்களை மட்டுமாவது விடாமல் படிக்க வேண்டுகிறேன். இப்பக்கத்தில் விதை என்பது தோலோடு கூடியதையும், பருப்பு என்பது தோல் நீக்கியதையும் குறிக்கும்.

1. அழகுக்காக வைத்த சூரியகாந்திதான் எங்களிடம் இருக்கிறது. அதன் விதையைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஆண்டுதோறும் விதைத்து வளர்க்கும் சாதாரண சூரியகாந்தியில் எந்த இரகமாக இருந்தாலும் விதை உண்ணத்தக்கதே. அலங்கார இரகங்களில் விதை சிறியதாகவும் பருப்பு மெலிந்ததாகவும் இருப்பதால், உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்குமா என்பது மட்டும்தான் கேள்வி.

ஒரு விலக்கு உண்டு. பூச்சாடியில் வைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட சில கலப்பினங்களில் மகரந்தமே இருக்காது. அருகில் மகரந்தமுள்ள வேறு சூரியகாந்தி இல்லாவிட்டால் அவற்றில் கிடைப்பவை பெரும்பாலும் வெறும் தோல்களாகவே இருக்கும். பூச்சிமருந்து தெளித்த செடியாக இருந்தால் 20ஆம் கேள்வியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2. கறுப்பு விதை நல்லதா, வெள்ளை வரி போட்ட விதை நல்லதா?

கொறிப்பதற்கு வரி விதைதான் ஏற்றது. அது பெரியது, தோல் தடிமனாக இருந்தாலும் பருப்போடு ஒட்டாமல் சற்று விலகியிருப்பதால் பல்லால் உடைத்ததும் பருப்பு முழுதாக வெளிவரும். முழுக் கறுப்பாக உள்ள சிறிய விதை எண்ணெய்க்காக வளர்க்கப்படும் வகை. அதன் எடையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் எண்ணெய் இருக்கும்; தோல் மெல்லியது, பருப்போடு இறுகியிருக்கும். சுவையில் அது குறைந்ததன்று. ஆனால் ஒவ்வொன்றாக உரிப்பது பொறுமையைச் சோதிக்கும் என்பதால், 16ஆம் பதிலில் உள்ள முறைப்படி மொத்தமாக உடைத்துக்கொள்வது நல்லது.

3. இதழெல்லாம் உதிர்ந்துவிட்டது. இப்போதே கொண்டையை அறுத்துவிடலாமா?

இதழ் உதிர்வது மகரந்தச் சேர்க்கை முடிந்ததைத்தான் காட்டும். பருப்பு நிறைவது அதற்குப் பிறகே. பார்க்க வேண்டியது பூக்கொண்டையின் பின்புறத்தை. பச்சையாக இருந்த அது எலுமிச்சை மஞ்சளாகி, பின் பழுப்பாக மாறத் தொடங்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள சிறு பச்சை மடல்களும் பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். பூ மலர்ந்ததிலிருந்து இந்நிலையை அடைய, இரகத்தையும் வெப்பத்தையும் பொறுத்து 30 முதல் 45 நாட்கள் ஆகும்.

ஐயமிருந்தால் நாலைந்து விதைகளைப் பிடுங்கிப் பாருங்கள். கொண்டையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கியே விதை முற்றும் என்பதால், விளிம்பு விதையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது; விளிம்புக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட வளையத்திலிருந்தும் எடுக்க வேண்டும். தோல் கெட்டியாகி, அந்த இரகத்துக்குரிய நிறமோ வரியோ தெளிவாகத் தெரிந்து, உள்ளே பருப்பு தோலை நிறைத்திருந்தால் அறுக்கலாம். நகத்தால் அழுத்தினால் தோல் நசுங்கிப் பால் போன்ற சாறு வருமானால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

4. முற்றும் வரை செடியில் விட்டால் பறவைகளும் அணில்களும் ஒன்றைக்கூட மிச்சம் வைப்பதில்லையே?

இதழ்கள் வாடியதும் கொண்டையை மெல்லிய துணியாலோ வலையாலோ மூடி, காம்பில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அதற்கு முன்பு மூடினால் தேனீக்கள் வர இயலாமல் விதையே பிடிக்காது. காகிதப் பையும் உதவும், ஆனால் ஒரு மழைக்குத் தாங்காது. பாலித்தீன் பையை மட்டும் எக்காரணத்தாலும் பயன்படுத்தாதீர்கள். செடி வெளிவிடும் ஈரம் உள்ளேயே தங்கி, ஓரிரு நாட்களில் பூஞ்சை பிடித்துவிடும்.

அணில்கள் துணியையும் கடித்துத் திறக்கக்கூடியவை. அப்படிப்பட்ட இடத்தில், கொண்டையின் பின்புறம் முழுவதும் மஞ்சளானவுடனேயே அறுத்து, மீதிக் காய்ச்சலை வீட்டுக்குள் முடித்துக்கொள்வதே நிம்மதி. அந்நிலையில் பருப்பு முற்றியிருக்கும். ஈரம் மட்டும்தான் மிகுந்திருக்கும்.

5. அறுத்த கொண்டையை எப்படிக் காயவைப்பது? எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் பூஞ்சை பிடித்துவிடுகிறது.

சுமார் 30 செ.மீ. காம்போடு அறுத்து, காற்றோட்டமுள்ள, மழையும் பனியும் படாத இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவது வழக்கமான முறை. ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட வேண்டும். உதிரும் விதைக்காகக் கீழே துணி விரித்து வைக்கலாம், அல்லது கொண்டையைக் காகிதப் பையில் நுழைத்துத் தொங்கவிடலாம். நல்ல காற்று வீசும் இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் கொண்டையின் பின்புறம் முறுகிக் காய்ந்து, விரலால் தேய்த்தாலே விதை உதிரும் நிலைக்கு வந்துவிடும்.

பூஞ்சை பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் விதையன்று, அது பதிந்திருக்கும் தடித்த சதைப்பகுதி. அது பஞ்சு போல் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தட்டளவு பெரிய கொண்டைகளில் விதைகள் மேலே காய்ந்துகொண்டிருக்கும்போதே அடியில் அச்சதை அழுகத் தொடங்கிவிடுவதுண்டு. ஆகவே பெரிய கொண்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, கம்பி வலைமேல் விதைப்பக்கம் மேலாக அடுக்கிக் காயவையுங்கள்; அல்லது பின்புறச் சதையைக் கத்தியால் முடிந்தவரை செதுக்கி எடுத்துவிடுங்கள்.

காற்றில் ஈரம் மிகுந்த காலத்தில் நான் சொல்லும் முறை வேறு. கொண்டை காயும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முற்றிய விதைகளை ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்கி எடுத்து, தனியாகப் பரப்பிக் காயவைக்கலாம். விரல் நோகும், நேரமும் பிடிக்கும். ஆனால் விளைச்சல் முழுவதையும் பூஞ்சைக்குக் கொடுப்பதைவிட அந்தச் சிரமம் எவ்வளவோ மேல். கனமழைக்கு நடுவே அறுக்க நேர்ந்தவர்கள் வேறு எதையும் முயலாமல் நேரே இதைச் செய்யலாம்.

6. விதையை வெயிலில் காயவைக்கலாமா, நிழலில்தான் காயவைக்க வேண்டுமா?

உண்பதற்கான விதையை வெயிலில் தாராளமாகக் காயவைக்கலாம். துணியிலோ தட்டிலோ ஒரே அடுக்காகப் பரப்பி, பறவை கொத்தாதபடி மேலே மெல்லிய துணி போர்த்தி, நாளுக்கு இரண்டு மூன்று முறை கிளறிவிட வேண்டும். மாலையில் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பகலில் இழந்த ஈரத்தை இரவில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் விதைக்கு எத்தனை நாள் வெயில் இருந்தும் பயனில்லை.

அதே விதையில் ஒரு பங்கை மறுபடி விதைக்க வைத்துக்கொள்ள எண்ணினால், அந்தப் பங்கை நிழலில் காயவைப்பது பாதுகாப்பானது. 40 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுநேரம் சூடானால் முளைப்புத்திறன் குறையக்கூடும். கலப்பின இரகத்தின் விதையை விதைத்தால் தாய்ச்செடியைப் போலவே வளரும் என்று எதிர்பார்க்கவும் இயலாது. அதன் விதையை உண்பதற்கு இதனால் எந்தத் தடையும் இல்லை.

7. கொண்டையிலிருந்து விதையை எளிதாக உதிர்ப்பது எப்படி?

நன்றாகக் காய்ந்த இரண்டு கொண்டைகளை நேருக்கு நேர் வைத்துத் தேய்த்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மீதியைக் கட்டைவிரலால் விளிம்பிலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். முதல் வரிசை வெளிவந்துவிட்டால் அடுத்தடுத்த வரிசைகள் பிடிமானம் இழந்து தாமாகவே வரும். கொண்டைகள் மிகுதியாக இருந்தால், அகன்ற பாத்திரத்தின்மேல் கம்பி வலையை வைத்து அதில் உரசலாம். காய்ந்த பூவின் துகள் கண்ணிலும் மூக்கிலும் உறுத்தும் என்பதால் திறந்த வெளியில் செய்வது நல்லது. சில கறுப்பு இரகங்களின் தோல் கையில் ஊதாக் கறை படியவைக்கும்; அது தோலில் உள்ள இயற்கை நிறமிதான்.

8. தண்ணீரில் போட்டால் மிதப்பதெல்லாம் பொக்கு என்கிறார்களே, அது சரியா?

தோலோடு கூடிய சூரியகாந்தி விதைக்கு அது பொருந்தாது. நன்றாக நிறைந்த விதையிலும் தோலுக்கும் பருப்புக்கும் இடையில் காற்று இருப்பதால் அதுவும் மிதக்கும். குறிப்பாக வரி விதை. தண்ணீரில் போட்டுப் பிரிக்க முயன்றால் நல்ல விதையையே எறிந்துவிடுவீர்கள்.

முறத்தில் புடைப்பதோ காற்றில் தூற்றுவதோதான் சரியான வழி. காற்று இல்லாவிட்டால் மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, அதன் முன்னே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மெதுவாகச் சரிய விடுங்கள். பூத்துகளும் பொக்கும் பறந்துவிடும், கனமானவை நேரே விழும். அதிலும் தப்பிய பொக்கு, விரல்களுக்கிடையில் அழுத்தினால் தட்டையாக அமுங்கும்.

9. பாதிக்கு மேல் பொக்காகவே இருக்கிறது. நாங்கள் என்ன தவறு செய்தோம்?

நடுவில் உள்ள சிறு வட்டம் மட்டும் பொக்காக இருந்தால் அது இயல்பு. விளிம்பிலிருந்து உள்நோக்கி மலரும் பூவில், கடைசியாக மலரும் நடுப்பகுதிக்குச் சத்து போய்ச் சேர்வது குறைவு. கொண்டை முழுவதும் பரவலாகப் பொக்கு இருந்தால், முதல் சந்தேகம் மகரந்தச் சேர்க்கை மீதுதான். தேனீ வராத உயர்மாடத்தில் வளர்த்திருக்கலாம், பூத்த நாட்களில் விடாமல் மழை பெய்திருக்கலாம், அல்லது முதல் பதிலில் சொன்ன மகரந்தமில்லா இரகமாக இருக்கலாம். பூக்கும் நேரத்தில் மென்மையான துணியால் கொண்டையின் பரப்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெதுவாகத் தடவிக்கொடுத்தால், அல்லது அருகருகே உள்ள இரண்டு கொண்டைகளை ஒன்றோடொன்று மெல்ல உரசிவிட்டால் விதை பிடிப்பது கூடும். காலை வேளை இதற்கு ஏற்றது.

பருப்பு நிறையும் வாரங்களில் நீர் போதாமை, கடும் வெப்பம், மண்ணில் போரான் சத்துக் குறைவு ஆகியவையும் பொக்கை மிகுவிக்கும். பூ வந்தாயிற்று என்று தண்ணீரைக் குறைத்துவிடுபவர்கள் பலர். உண்மையில் செடிக்கு நீர் மிகவும் தேவைப்படுவது மொட்டு விடுவதிலிருந்து பருப்பு நிறையும் வரையுள்ள காலத்தில்தான்.

10. விதை போதுமான அளவு காய்ந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

விதையின் ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். வீட்டில் அதை அளக்கும் கருவி இருக்காது என்றாலும் மூன்று சோதனைகள் கைகொடுக்கும். முதலாவது, விதையை உடைத்துப் பருப்பை வளைத்துப் பார்ப்பது. வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. படக்கென்று முறிந்தால் காய்ந்துவிட்டது. இரண்டாவது, ஒரு கைப்பிடி விதையைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி ஓரிரவு வைப்பது. காலையில் உட்புறம் பனித்திருந்தாலோ, திறந்ததும் புழுங்கல் வாடை வந்தாலோ இன்னும் காயவைக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். சமையலறைத் தராசில் சரியாக 200 கிராம் விதையை நிறுத்து, அதை மட்டும் தனியாக இன்னொரு முழு நாள் காயவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை ஓரிரு கிராமுக்கு மேல் குறையாவிட்டால் வேலை முடிந்தது. ஐந்து கிராம் குறைந்திருந்தால் எல்லாவற்றையுமே மீண்டும் பரப்ப வேண்டும்.

11. வறுக்காமல் பச்சையாகவே சாப்பிடலாமா?

தோல் நீக்கிய பருப்பைப் பச்சையாக உண்ணலாம். இளம் இனிப்போடு நன்றாகவே இருக்கும். 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 20 கிராம் புரதமும் 50 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. வைட்டமின் ஈ மிகுதியாக உள்ள உணவுகளில் இதுவும் ஒன்று. அதில் ஒரு பகுதி வறுக்கும்போது குறையும்.

கவனிக்க வேண்டியது தூய்மை. வாரக்கணக்கில் வெளியில் நின்ற கொண்டையில் பறவை எச்சமும் தூசியும் படிந்திருக்கும். தோலை வாயில் வைத்து உடைத்துக் கொறிப்பவர்கள் விதையைக் கழுவிச் சூடாக்கிய பிறகே உண்பது நல்லது. எச்சம் படிந்த பகுதியிலிருந்து வந்த விதைகளை அறுவடையின்போதே ஒதுக்கிவிடுங்கள்.

12. உள்ளே வரை உப்பு ஏறும்படி செய்வது எப்படி?

வறுத்த விதைமேல் உப்பைத் தூவினால் ஒட்டாது. வறுப்பதற்கு முன் உப்பு நீரில் ஊறவைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு, அதாவது மூன்று மேசைக்கரண்டி அளவு, நடுத்தரமான சுவை தரும். விதைகள் மிதக்கும் என்பதால் மேலே ஒரு தட்டை வைத்து அமிழ்த்தி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். வெப்பமான காலத்தில் வெளியே வைத்தால் நீர் நுரைத்துப் புளித்துவிடக்கூடும். குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. நேரமில்லாதவர்கள் அதே நீரில் மிதமான தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கொதிக்கவிடலாம்.

இவ்வளவு செய்தாலும் உப்பின் பெரும்பகுதி தோலில்தான் தங்கும். கொறிப்பவருக்கு உப்புச்சுவை கிடைப்பது தோலைச் சப்பும்போதுதான். அது தெரியாமலேயே நிறைய உப்பை உள்ளே சேர்த்துவிடும் என்பதால், உப்பைக் குறைக்க வேண்டிய உடல்நிலை உள்ளவர்கள் உப்பில்லாமல் வறுப்பதே நல்லது.

13. எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும்?

ஓவனில் 150 டிகிரி செல்சியசு போதும். ஊறவைத்த விதையை நன்றாக வடித்து, துணியில் பரப்பி மேலீரம் முழுவதும் போன பிறகு, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 30 முதல் 40 நிமிடங்கள் வைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டு, 25 நிமிடத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு விதையை ஆறவைத்து உடைத்துப் பாருங்கள். பருப்பு இளம்பொன்னிறத்தில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் உட்சூட்டால் சற்று நேரம் நிறம் ஏறிக்கொண்டே இருக்கும். ஊறவைக்காத விதைக்கு 20 நிமிடத்திலிருந்தே சோதிக்கத் தொடங்குங்கள். தோல் நீக்கிய பருப்புக்கு 10 முதல் 15 நிமிடங்களே தேவைப்படும்.

சூட்டைக் கூட்டி விரைவாக முடிக்க நினைப்பவர்கள் பலர். அதிக வெப்பத்தில் தோல் கருகும், உள்ளே பருப்பு ஈரமாகவே இருக்கும்.

14. ஓவன் இல்லை. வாணலியில் வறுத்தால் ஒரே சீராக வருமா?

வரும், கை ஓயாமல் கிளறினால். அடி தடித்த வாணலியில், அடி முழுவதும் ஓர் அடுக்குக்கு மேல் இல்லாத அளவுக்கு மட்டும் போட்டு, சிறு தீயில் விதைக்கு 10 முதல் 15 நிமிடங்களும் பருப்புக்கு 5 முதல் 7 நிமிடங்களும் வறுக்கலாம். ஊறவைத்த விதையாக இருந்தால் முதலில் வெயிலில் சில மணி நேரம் உலர்த்திவிட்டே வாணலியில் போட வேண்டும். எண்ணெய் தேவையில்லை, பருப்பிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

15. வறுத்த அன்று மொறுமொறுப்பாக இருந்தது, மறுநாளே நமுத்துவிட்டது. ஏன்?

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஊறவைத்த நீர் தோலுக்குள் மிச்சமிருந்து, ஆறியபின் பருப்புக்குள் இறங்கியிருக்கலாம். அல்லது முழுவதும் ஆறும் முன்பே புட்டியில் அடைத்ததால் ஆவி உள்ளேயே குளிர்ந்திருக்கலாம். நமுத்ததை 120 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்கி, தட்டில் பரப்பி முற்றிலும் ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சூடாக இருக்கும்போது விதை மென்மையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் வறுபடவில்லை என்று மேலும் வறுப்பவர்களுக்குக் கிடைப்பது கசப்பு. அந்தக் கசப்பை நீக்க வழியில்லை.

16. தோலை மொத்தமாக நீக்க வழி உண்டா? ஒவ்வொன்றாக உரிக்கப் பொறுமையில்லை.

உண்டு. வறுக்காத, நன்றாகக் காய்ந்த விதையைத் தடித்த பைக்குள் போட்டு, சப்பாத்திக் கட்டையால் தோல் விரியும் அளவுக்கு மட்டும் உருட்டுங்கள். மிக்சியில் ஓரிரு நொடிகள் விட்டுவிட்டு இயக்குவதும் பயன்தரும், ஆனால் ஒரு நொடி கூடினாலும் பருப்பு தூளாகிவிடும். பிறகு அகன்ற பாத்திரத்து நீரில் கொட்டிக் கிளறினால் தோல் மேலே மிதக்கும், பருப்பு அடியில் தங்கும். எட்டாம் பதிலில் பயன்படாது என்று சொன்ன தண்ணீர் இங்கே பயன்படுவதற்குக் காரணம், விதைக்குள் இருந்த காற்று இப்போது வெளியேறிவிட்டது என்பதே.

மேலே மிதப்பதை வடித்துவிட்டு, பருப்பை உடனே துணியில் துடைத்து, அன்றே வறுத்துவிடுங்கள் அல்லது முழுவதுமாக உலர்த்திவிடுங்கள். ஈரமான பருப்பு ஒரு நாள்கூடத் தாங்காது. நீக்கிய தோலை மண்ணில் அப்படியே பரப்ப வேண்டாம். சூரியகாந்தித் தோலில் உள்ள சில பொருட்கள் மற்றச் செடிகளின் முளைப்பைத் தடுக்கும் இயல்புடையவை. எருக்குழியில் மக்கவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

17. எத்தனை நாள் வரை கெடாமல் இருக்கும்?

பத்தாம் பதிலில் உள்ளபடி காய்ந்த, வறுக்காத விதை, காற்றுப்புகாத புட்டியில், குளிர்ந்த இருண்ட இடத்தில் சில மாதங்கள் நன்றாக இருக்கும்; குளிர்பதனப் பெட்டியில் ஓராண்டு வரை வைக்கலாம். தோல்தான் அதன் முதல் காவல். அதை நீக்கிய பருப்பைக் குளிர்பதனப் பெட்டியிலோ உறைபெட்டியிலோதான் வைக்க வேண்டும். வறுத்ததை வெளியே வைத்தால் இரண்டு மூன்று வாரங்களுக்குள் உண்டுவிடுவது நல்லது. ஆகவே விளைச்சல் முழுவதையும் ஒரே நாளில் வறுக்காமல், விதையாகவே சேமித்து, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக வறுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

கெடுவது எப்படி என்றால், வழக்கமான இரகங்களின் எண்ணெயில் பெரும்பங்கு லினோலிக் அமிலம். அது காற்றோடும் ஒளியோடும் சூட்டோடும் சேர்ந்து எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிக்கு வாடை பிடிக்கும். பழைய எண்ணெயின் நெடியும் தொண்டையில் காறலும் தெரிந்தால் எறிந்துவிடுங்கள். மறுபடி வறுத்து அதை மீட்க இயலாது.

18. சில விதைகளில் வெண்பூஞ்சை இருக்கிறது. வறுத்தால் செத்துவிடும்தானே, சாப்பிடலாமா?

கூடாது. வறுத்தால் பூஞ்சை சாகும். ஆனால் சில பூஞ்சைகள் உண்டாக்கிய நச்சு அழியாது. அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு வீட்டில் வறுக்கும் வெப்பத்தை பெருமளவு தாங்கி நிற்கக்கூடியது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் விதையை மட்டுமல்ல, அதே கொண்டையில் அதை ஒட்டியிருந்தவற்றையும் எறிந்துவிட வேண்டும். தோல் நன்றாக இருந்தும் உள்ளே பருப்பு கறுத்தோ பச்சை படர்ந்தோ இருந்தால் அதுவும் அப்படியே. மக்கு வாடை வீசும் மொத்தக் குவியலையும் விட்டுவிடுவதே சரி, எவ்வளவு உழைத்திருந்தாலும்.

கொண்டை அழுகல் நோய் கண்ட செடியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அந்நோயின் ஒருவகைப் பூஞ்சை, விதைகளுக்கு நடுவே கறுத்த, கெட்டியான, ஒழுங்கற்ற கட்டிகளை உண்டாக்கும். அவை விதையைப் போலவே இருப்பதால் உதிர்க்கும்போது கலந்துவிடும். உடைத்துப் பார்த்தால் தோல், பருப்பு என்ற பிரிவு இல்லாமல் உள்ளே வெண்மையாக இருக்கும். அப்படிப்பட்ட கொண்டையின் விதையை உணவுக்கு எடுக்காதீர்கள்.

19. தோலில் குண்டூசி முனை அளவு துளை இருக்கிறது. உள்ளே புழு இருக்குமா?

துளை வெளியேறிய வழியாகவும் இருக்கலாம், புகுந்த வழியாகவும் இருக்கலாம். துளையுள்ளதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மீதியில் முட்டையோ சிறு புழுவோ மறைந்திருக்கக்கூடும் என்பதால், நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப்புகாமல் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் அவை சாகும். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் விதைமேல் படிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

20. பூ விட்டபோது பூச்சிமருந்து தெளித்தோம். விதைப்பு விதையும் இளஞ்சிவப்பாகச் சாயம் பூசியதாக இருந்தது. சாப்பிடலாமா?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். சாயம் பூசிய விதைப்பு விதை பூஞ்சைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ கலந்து நேர்த்தி செய்யப்பட்டது; அதில் மிஞ்சியதைக் கழுவியும்கூட உண்ணக் கூடாது, பறவைகளுக்கும் போடக் கூடாது. அதிலிருந்து வளர்ந்த செடியின் புதிய விதை வேறு. பெரிய அளவில் பயிரிடப்படும் சூரியகாந்தியே பெரும்பாலும் இவ்வாறு நேர்த்தி செய்த விதையிலிருந்துதான் வளர்கிறது.

தெளித்த மருந்தைப் பொறுத்தவரை அதன் சீட்டைப் படிக்க வேண்டும். உண்ணும் பயிரில், குறிப்பாகச் சூரியகாந்தியில் தெளிக்கலாம் என்று அதில் இருந்து, தெளித்ததற்கும் அறுவடைக்கும் இடையே அது குறிப்பிடும் நாட்கள் கடந்திருந்தால் உண்ணலாம். அலங்காரச் செடிகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தாலோ, சீட்டே இல்லாவிட்டாலோ அந்த விதையை விட்டுவிடுங்கள். கழுவுவதும் வறுப்பதும் அதைச் சரிசெய்யாது.

21. தோலோடு மென்று விழுங்கினால் நார்ச்சத்துதானே?

நார்தான், ஆனால் செரிக்காத, கூர்மையான நார். நிறைய விழுங்கினால் குடலில் திரண்டு அடைப்பை உண்டாக்கலாம். குழந்தைகளுக்கு அப்படி நேர்ந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிவந்ததுண்டு. தோலைத் துப்பிவிட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு விதையோ முழுப் பருப்போ தரக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். நன்றாக அரைத்து உணவில் கலந்து தரலாம். அரிதாகச் சிலருக்குச் சூரியகாந்தி விதை கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தும். உண்டதும் உதடு வீங்குதல், மூச்சுத் திணறல் போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவ உதவி தேவை.

22. பருப்பை அரைத்து மாவில் கலந்து கேக் செய்தேன். ஆறியதும் உள்ளே பச்சையாகிவிட்டது. அது பூஞ்சையா?

பூஞ்சையன்று. பருப்பில் குளோரோஜெனிக் அமிலம் இருக்கிறது. அது சமையல் சோடாவின் காரத்தன்மையில் புரதத்தோடு வினைபுரிந்து பச்சை நிறம் தரும். சுட்ட சில மணி நேரத்துக்குள், துண்டு முழுவதும் சீராகப் பரவியிருந்தால் இதுதான் காரணம், உண்ணலாம். நிறம் வேண்டாம் என்றால் சோடாவைக் குறைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேருங்கள். நாட்கள் கழித்து, மேற்பரப்பில் மட்டும், ரோமம் போலப் படர்ந்த பச்சை என்றால் அது பூஞ்சை. அதற்கு 18ஆம் பதில் பொருந்தும்.

23. மண்ணில் உள்ள நச்சுகளைச் சூரியகாந்தி உறிஞ்சிவிடும் என்கிறார்கள். அப்படியானால் விதையிலும் அது இருக்குமா?

மண்ணைப் பொறுத்தது. சூரியகாந்தி சில கன உலோகங்களை வேரால் எடுத்துக்கொள்ளும். அவற்றில் விதை வரை போய்ச் சேர்வதில் முக்கியமானது கேட்மியம். மாசுபடாத மண்ணில், அமிலத்தன்மை மிகாமல் வளர்ந்த செடியின் விதையை வழக்கமான அளவில் உண்பதற்கு இதனால் தயங்க வேண்டியதில்லை. மண் புளித்திருந்தால் கேட்மியம் எளிதாக வேருக்குள் செல்லும் என்பதால், அத்தகைய தோட்டத்தில் சுண்ணாம்பு இட்டுச் சமன்செய்வது பயன்தரும்.

பழைய தொழிற்கூடம், பேட்டரிக் கழிவு கொட்டிய இடம், பழைய வண்ணப்பூச்சு உதிர்ந்த சுவரோரம், குப்பை எரித்த நிலம் ஆகியவற்றில் வளர்ந்த செடியாக இருந்தால் மண்ணைச் சோதிக்கும் வரை அதன் விதையை உண்ணாதீர்கள். கேட்மியம் பருப்புக்குள்ளேயே இருப்பதால் தோலை நீக்கினாலும் போகாது. அத்தகைய இடத்தில் சூரியகாந்தியை அழகுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உண்பதற்கு வேறிடத்து மண் நிரப்பிய ஆழமான தொட்டியில் தனியாக வளர்க்கலாம். குறைந்தது 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டி குட்டை இரகங்களுக்குப் போதும்.